புகார்: முதல் நாளே அனுப்பிய கோப்பை மூன்று வாரமாக யாரும் திறக்கவில்லை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைமை அதிகாரி

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் பில்லிங் மென்பொருளை ஓட்டும் உங்கள் அப்ளிகேஷன் சர்வரை ஆறு வருடமாகப் பயன்படுத்துகிறோம். இதுவரை உங்களுக்கு ஒரு கடுமையான வார்த்தை எழுதியதில்லை. இன்று எழுத வைத்துவிட்டார்கள் உங்கள் உதவிப் பிரிவினர். தயவுசெய்து இந்தக் கடிதத்தையாவது யாராவது ஒருவர் கடைசி வரி வரை படியுங்கள். டிக்கெட்டில், அதாவது உதவி கேட்டுப் பதிந்த புகாரில், நான் எழுதியது எதையும் யாரும் படிக்கவில்லை.

புதிய பதிப்புக்கு மாறிய மறுநாள் காலையே பிரச்சினை ஆரம்பித்தது. எங்கள் கிளஸ்டரில், அதாவது ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் சர்வர் குழுவில், நான்கு சர்வர்கள். முதல் இரண்டில் பில்லிங் ஒழுங்காக ஓடியது. மூன்றிலும் நான்கிலும் போய் விழுந்த ஒவ்வொரு கோரிக்கையும் நேம் நாட் ஃபவுண்ட் எக்செப்ஷனோடு (பெயர் கிடைக்கவில்லை என்ற பிழையோடு) திரும்பியது. ஜாவா:காம்ப்/என்வ்/ஜேடிபிசி/பில்லிங்டிஎஸ் என்ற டேட்டா சோர்ஸை, அதாவது டேட்டாபேஸ் இணைப்பைத் தரும் அமைப்பை, அந்தப் பெயரில் தேடினால் அங்கே இல்லை என்கிறது சர்வர். அப்ளிகேஷன் தொடங்கும்போது ஒரு எச்சரிக்கைகூட இல்லை. நிர்வாகத் திரையான கன்சோலில் நான்குமே பச்சை. லுக்கப், அதாவது அந்தப் பெயர்த் தேடல், நடக்கும் நேரத்தில்தான் குட்டு வெளிப்படுகிறது. பில் போடுகிற பெண்கள் லாக் அவுட் செய்து, திரும்ப உள்ளே வந்து, நல்ல சர்வரில் விழுகிறோமா என்று பார்த்துப் பார்த்து வேலை செய்தார்கள். ஒரு பில்லுக்கு மூன்று முறை, நான்கு முறை.

அன்றைக்கே டிக்கெட் போட்டேன். வெறும் புலம்பலாகப் போடவில்லை. ஒன்றாம் சர்வரின் பெயர் மரத்தையும் (சர்வர் அறிந்த பெயர்களின் கிளைவாரிப் பட்டியல்) மூன்றாம் சர்வரின் பெயர் மரத்தையும் தனித்தனிக் கோப்பாக எடுத்து இணைத்திருந்தேன். ஒன்றில் ஜேடிபிசி என்ற கிளையும் அதன் கீழே பில்லிங்டிஎஸ்ஸும் இருக்கின்றன. மூன்றில் அந்தக் கிளையே இல்லை. இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரை நிமிடத்தில் தெரியும். இது அப்ளிகேஷனின் தவறு இல்லை, அந்த டேட்டா சோர்ஸ் மூன்றாம் சர்வருக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது உங்கள் தயாரிப்பை அறிந்த எவருக்கும் புரிந்திருக்க வேண்டும். உங்கள் தயாரிப்பை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

உதவிப் பிரிவிலிருந்து முதலில் வந்தவர், வெப்.எக்ஸ்எம்எல் என்ற அப்ளிகேஷன் அமைப்புக் கோப்பில் ரிசோர்ஸ் ரெஃப் (எந்த டேட்டா சோர்ஸ் வேண்டும் என்ற குறிப்பு) எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டார். எழுதியிருக்கிறோம். எழுதாவிட்டால் முதல் இரண்டு சர்வரில் எப்படி ஓடும்? அடுத்தவர், 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற லாக் எழுதும் நிரலில் வந்த பாதுகாப்புப் பிரச்சினைக்குப் பிறகு ஜேஎன்டிஐ (ஜாவாவின் பெயர்த் தேடல் வசதி) லுக்கப்பைத் தடுத்திருப்பார்கள் என்று ஒரு பக்கத்தை அப்படியே ஒட்டி அனுப்பினார். அது லாக் செய்தியில் வரும் எழுத்தைப் பிடித்துக்கொண்டு வெளியில் உள்ள எல்டாப் (தகவல் அடைவு) சர்வருக்குப் போகும் விவகாரம். சர்வர் தன் சொந்தப் பெயர் மரத்தில் தேடுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மூன்றாமவர் த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைத் தடம்) பிரச்சினை என்றார். நாமே உருவாக்கிய த்ரெட்டில் ஜாவா:காம்ப் கிடைக்காமல் போகலாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் அனுப்பிய ஸ்டாக் ட்ரேஸில் (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியலில்), கோரிக்கையைக் கையாளச் சர்வரே அழைக்கும் சர்வ்லெட்டின் டூபோஸ்ட்டுக்குள்ளிருந்துதான் லுக்கப் போகிறது. அந்த வரியைக் கட்டம் போட்டும் காட்டியிருந்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் தொலைபேசியில் வந்தவரைத்தான் பொறுக்க முடியவில்லை. வணக்கம்கூடச் சொல்லாமல், “கோடில் இருக்கிற ஜாவாஎக்ஸ் எல்லாவற்றையும் ஜகார்த்தா என்று மாற்றுங்கள், அப்புறம் பேசுங்கள்” என்றார். மாற்ற வேண்டியதை எல்லாம் அப்கிரேடுக்கு முன்பே மாற்றிவிட்டோம், ஜாவாஎக்ஸ்.நேமிங் ஜாவாவின் அடிப்படைப் பதிப்பைச் சேர்ந்தது, அது மாறவில்லை என்று பொறுமையாகச் சொன்னேன். 2020இல் வந்த ஜகார்த்தா இஇ 9 (ஜாவாவின் நிறுவனப் பதிப்பு) ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்களில் எதை ஜகார்த்தா என்று மாற்றியது, எதை விட்டது என்று ஒரு அப்ளிகேஷன் சர்வர் நிறுவனத்தின் ஆளுக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் சொன்ன பதில்: “முதலில் ஜாவா கற்றுக்கொண்டு வாருங்கள், சார்.” பதினெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். என் ஜூனியர்கள் இரண்டு பேர் அதே அழைப்பில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பேச்சை மறுத்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக எங்கள் கோடின் ஒரு தனிப் பிரதியில் அவர் சொன்னபடியே மாற்றிப் பார்த்தோம். ஜாவாஎக்ஸ்.நேமிங்கைச் சேர்ந்த இனிஷியல் காண்டெக்ஸ்ட் வரும் இடமெல்லாம் கம்பைல் நின்றது, அப்படி ஒரு பேக்கேஜே இல்லை என்று. அந்த வெளியீட்டையும் அனுப்பினேன். பதில் இல்லை. அந்த உரையாடலின் பதிவு உங்களிடம் இருக்கும், எடுத்துக் கேளுங்கள்.

இதற்கு நடுவில் ஐந்து முறை “பெயர் மரத்தை அனுப்புங்கள்” என்று மின்னஞ்சல் வந்தது. ஐந்து முறையும் அனுப்பினேன். முதல் முறை அனுப்பிய கோப்பேதான், மாறவே இல்லை.

இரவு இரண்டு மணி விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். அது ஒன்பதாம் நாளுக்கு முன்னாலேயே நடந்தது. ட்ரேஸை (சர்வர் செய்வதையெல்லாம் எழுதும் பதிவை) முழுதாகத் திறந்துவிட்டு நான்கு சர்வரையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், உங்கள் பொறியாளர் ஒருவர் கூடவே இருந்து பார்ப்பார் என்று உங்கள் தரப்பில் நேரம் குறித்தார்கள். எங்கள் மேலாளரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, டேட்டாபேஸ் பார்க்கும் தம்பியையும் எழுப்பி உட்காரவைத்தேன். அழைப்பில் நாங்கள் இருவர் மட்டும். மூன்று மணி ஆனது, நாலேகால் ஆனது, யாரும் வரவில்லை. ட்ரேஸ் கோப்பு பெருகிப் பெருகி டிஸ்க் நிறைந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் சர்வரும் நின்றது. காலை எட்டு மணிக்கு டிக்கெட்டைத் திறந்தால், “வாடிக்கையாளர் பதிலளிக்காததால் மூடப்பட்டது” என்று போட்டிருக்கிறார்கள். இரவு முழுக்க விழித்திருந்தவன் நான். பதிலளிக்காதவன் நானா?

கடைசியில் காரணத்தை நானே கண்டுபிடித்தேன். உங்கள் பொறியாளர்களுக்காக எழுதுகிறேன், இன்னொரு வாடிக்கையாளர் இதே பாடு படக் கூடாது. அப்கிரேடுக்கு முன் எடுத்து வைத்த கட்டமைப்புக் கோப்பையும் இப்போதுள்ளதையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். பழையதில் அந்த டேட்டா சோர்ஸின் ஸ்கோப்பில் (எந்தச் சர்வர்களுக்கு அது போக வேண்டும் என்று குறிக்கும் இடத்தில்) கிளஸ்டரின் பெயர் இருந்தது. புதியதில் கிளஸ்டர் பெயரை எடுத்துவிட்டு ஒன்றாம் சர்வர், இரண்டாம் சர்வர் என்று இரண்டு பெயரை எழுதிவைத்திருக்கிறது உங்கள் அப்கிரேட் கருவி. கிளஸ்டர் அமைத்தபோது இருந்தவை அந்த இரண்டுதான். மூன்றும் நான்கும் பிறகு சேர்த்தவை. நாங்கள் கையால் எதையும் தொடவில்லை. கன்சோல் திரையோ இன்னமும் கிளஸ்டர் என்றே காட்டுகிறது. கோப்பில் கிளஸ்டர் பெயரைத் திரும்ப எழுதி ரீஸ்டார்ட் செய்தேன். நான்கு சர்வரும் ஓடின. பத்து நிமிட வேலை.

“டெஸ்ட் கனெக்ஷன் வெற்றி என்று வருகிறதே, அப்படியானால் பிரச்சினை உங்கள் கோடில்தான்” என்று உங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தப் பரிசோதனை நிர்வாக சர்வரிலிருந்து டேட்டாபேஸுக்குப் போய் வருகிறது என்பது உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. மூன்றாம் சர்வரின் பெயர் மரத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. அந்தப் பச்சை விளக்கை நம்பி எங்கள் டெவலப்பர்கள் ஒரு வாரம் தங்கள் கோடையே குடைந்துகொண்டிருந்தார்கள். பிழைச் செய்தியும் கை கொடுக்கவில்லை. எக்செப்ஷனில் தேடல் எதுவரை போனது, எந்தப் பகுதி மீந்தது என்று சொல்வதற்கு ரிமைனிங் நேம் இருக்கிறது. உங்கள் புதிய பதிப்பில் அது வெற்றாக வருகிறது. அதில் ஜேடிபிசி என்ற ஒரு சொல் வந்திருந்தால் கிளையே இல்லை என்று முதல் மணி நேரத்திலேயே பிடித்திருப்பேன்.

இந்த மூன்று வாரமும் பழுதான இரண்டு சர்வரைக் கழற்றி வைத்துவிட்டு மீதி இரண்டில் ஓட்டினோம். மாதக் கடைசி நெரிசலில் அவை மூச்சுத் திணறின. பில்கள் தாமதம், வாடிக்கையாளர்கள் கூச்சல், மேலதிகாரிகள் முன்னால் தினமும் நான் தலைகுனிந்து நின்றது. ஆறு வருடமாகக் கட்டிய பெயர் மண்ணாகிவிட்டது. இதற்கு யார் ஈடு கட்டுவது?

அப்கிரேட் கருவியில் பழுது இருப்பதை நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், திருத்தமும் வெளியிட வேண்டும். என் டிக்கெட்டில் “வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை” என்ற அந்தப் பொய்யான வரியை நீக்க வேண்டும். ஜாவா கற்றுக்கொண்டு வரச் சொன்னவர், என் ஜூனியர்களும் இருக்கும் அழைப்பிலேயே வருத்தம் தெரிவிக்க வேண்டும். இவை பெரிய கோரிக்கைகள் இல்லை. உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது, அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஏழு வேலை நாளுக்குள் பொறுப்பான ஒருவரிடமிருந்து பதில் வராவிட்டால், இதே கடிதம் எல்லா மின்னஞ்சல்களோடும் எங்கள் சட்டப் பிரிவுக்குப் போகும். அடுத்த காலாண்டில் ஒப்பந்தம் புதுப்பிக்க வருகிறது. அந்தக் கோப்பில் கையெழுத்துக்குப் பரிந்துரை எழுத வேண்டியவன் நான்தான். எழுத மாட்டேன்.

இரண்டு பெயர் மரக் கோப்புகளையும் ஏழாவது முறையாக இணைத்திருக்கிறேன், கூடவே கட்டமைப்புக் கோப்பின் முன், பின் பிரதிகளையும். திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
பில்லிங் சர்வர் பொறுப்பாளர்