எந்தக் குலைநோய்க்கு எதிர்ப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெற்பயிரைத் தாக்கும் பூஞ்சாண நோயான குலைநோயைத் தாங்கும் நெல் ரகங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, எதிர்ப்புத் திறனை ஒரு ரகத்துக்கு நிலையாக அமைந்துவிட்ட குணம்போல் விவரித்திருப்பதால் இதை எழுதுகிறேன். குடியிருப்பது கொடுங்கையூரில் என்றாலும் பொன்னேரிக்கு அருகே எங்கள் குடும்பத்துக்குச் சிறிது நிலம் உண்டு. நோய் வராது என்று சொல்லி விற்கப்பட்ட விதையை விதைத்து முதல் இரண்டு சம்பாவில் குறையில்லாமல் அறுத்தோம்; மூன்றாம் ஆண்டு, பால் பிடிக்கும் பருவத்தில் கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்து, பாதிக்கு மேல் பதராகப் போனது.

விதையில்தான் கோளாறு என்று அன்று நினைத்தோம். மாறியது நோயை உண்டாக்கும் பூஞ்சாணமாகவும் இருக்கலாம் என்பதைப் பிறகு படித்துத்தான் அறிந்தேன். பூஞ்சாணம் சுரக்கும் குறிப்பிட்ட ஒரு புரதத்தை அடையாளம் கண்டே எதிர்ப்பு ரகம் தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பூஞ்சாணம் இழந்துவிட்டாலோ, இடம்பெயரும் டிஎன்ஏ துணுக்கு ஒன்று அதற்குள் புகுந்து அதை முடக்கிவிட்டாலோ, பயிருக்கு எதிரியை அடையாளம் தெரியாமல் போகிறது. நம் கோயம்புத்தூர் ரகமான கோ 39, குலைநோய்க்கு எளிதில் ஆளாகும் ரகம் என்றே ஆய்வுக்கூடங்களில் பெயர் பெற்றது. ஆனால் அதனிடமும் ஓர் எதிர்ப்பு மரபணு இருக்கிறது என்பதும், அது அடையாளம் காணக்கூடிய புரதத்துக்கான மரபணு நெல்லைத் தாக்கும் பூஞ்சாணங்களில் பெரும்பாலானவற்றில் இல்லை என்பதும் என்னை வெகுவாக யோசிக்க வைத்தன. ஒரே வயலில்கூட ஒன்றுக்கு மேற்பட்ட பூஞ்சாண வகைகள் இருக்கலாம். ஒரே ரகத்தை ஊர் முழுவதும் நட்டால், அதைத் தாக்கவல்ல வகைக்கு மட்டும் நாமே வழிவிட்டவர்களாகிறோம்.

எந்த வகை எங்கே இருக்கிறது என்று கண்டறிய முடியாத காலமில்லை இது. குலைநோய்ப் பூஞ்சாணத்தின் மரபணுத் தொகுப்பு 2005இலேயே வெளியாகிவிட்டது. 2016இல் வங்கதேசத்துக் கோதுமையில் குலைநோய் தோன்றியபோது, அது தென் அமெரிக்கக் கால்வழியைச் சேர்ந்தது என்பதை அதே ஆண்டில் மரபணு ஒப்பீட்டால் கண்டறிந்தார்கள்.

திருவள்ளூர் மாவட்டத்தில், திரூரிலேயே நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பகுதிகளில் ஒவ்வொரு பருவமும் நோய் கண்ட இலைகளையும் கதிர்களையும் சேகரித்து, அங்குள்ள பூஞ்சாண வகைகளைச் சோதித்து, எந்தெந்த ரகம் அவற்றைத் தாங்கும் என்பதை விதை வாங்கும் காலத்துக்கு முன்பே உழவர்களுக்கு அறிவிக்குமாறு வேளாண்மைத் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொடுங்கையூர், சென்னை.