ஒரு கிணற்றுக்கு நான்கு துறைகள்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆறும் சமூகமும் பற்றிய இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது. வேதியியல், சட்டம், பொருளியல், வரலாறு ஆகிய நான்கு துறைகளும் சேர்ந்து நடத்தப்போகிறோம். இதற்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி, வாணியம்பாடி பக்கத்திலிருந்து ஒரு கேனில் கிணற்றுத் தண்ணீரோடு என் ஆய்வகத்துக்கு வந்த பெரியவருக்கு. உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று அளந்து சொன்னேன். "சரிங்க சார், நஷ்டஈட்டுக்கு யாரைப் பார்க்கணும்?" என்றார். அது சட்டம் என்றேன். "தென்னை காய்ப்பு குறைஞ்சதுக்கு யார் கணக்குப் போடுவாங்க?" அது பொருளியல் என்றேன். "கிணறு ஒண்ணுதானே சார், எத்தனை வாசல் ஏறணும்?" என்று கேட்டார். ஐயா, உங்களுக்கு அன்று நான் சொல்லாத பதில்தான் இந்தப் படிப்பு.

சட்டத் துறைச் சகோதரி இல்லாவிட்டால் இது வெறும் தண்ணீர்ப் பரிசோதனைப் படிப்பாகத்தான் இருந்திருக்கும். 1996 ஆகஸ்ட் 28 அன்று தோல் ஆலைக் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை முதல் பருவத்திலேயே வைக்கவேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும் வரை காத்திருக்கக் கூடாது என்ற இரண்டு கோட்பாடுகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது நம் பாலாற்றுக்காகத்தான். நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். இங்கே ஆற்றங்கரையில் வேதியியல் படிக்கிற பிள்ளைக்கு அது தெரியாமல் இருந்ததில் என் பங்கும் உண்டு.

ஆம்பூரில் தோல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணனுக்கு நன்றி. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போடுகிறார்கள். ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் படிய வைத்துப் பிரித்துவிடலாம், கரைந்த உப்பு அப்படி லேசில் பிரியாது. இதைக் கையை ஆட்டி ஆட்டி அவர் விளக்கியதைக் கேட்டுத்தான் இரண்டாம் பருவப் பாடத்தைத் திருத்தி எழுதினேன். ஆலையை மூடினால் சோறு போய்விடும், மூடாவிட்டால் கிணறு போய்விடும் என்ற இரு பக்கத்தையும் கோபமில்லாமல் பேசத் தெரிந்தவர் அவர்.

பாடத்திட்டக் குழுவில் கடுமையாக எதிர்த்தவருக்கும் மனதார நன்றி. "வரலாறு படித்துவிட்டு வருகிறவனுக்கு டைட்ரேஷன் எப்படி வரும்?" என்று, கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் ஆய்வகச் சோதனையைச் சொல்லி அவர் கேட்டதால்தான் முதல் மாதத்தை இணைப்பு வகுப்பாக மாற்றினோம். கலை படித்தவர்கள் ஆய்வகத்தில் நிற்பார்கள்; அறிவியல் படித்தவர்கள் பட்டா, அடங்கல் போன்ற நில ஆவணங்களை வாசிக்கக் கற்பார்கள்.

இனி, அலுவலகப் பிரிவுக் கண்காணிப்பாளர். பட்டத்தின் பெயர் புதிதாக இருந்தால் டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்பில் இணைத்தன்மை, அதாவது ஏற்கெனவே உள்ள பட்டத்துக்கு இது சமம் என்ற ஆணை, கேட்பார்கள், அந்த அரசாணை இல்லாத பிள்ளை அங்கே தவித்து நிற்கும் என்று முதலில் சொன்னவர் அவர்தான். நாங்கள் பாடத்தையே யோசித்துக்கொண்டிருந்தோம். படித்து முடித்தவன் என்ன ஆவான் என்பதை அவர் யோசித்தார். எம்.எஸ்சி. என்ற பெயரையே வைத்துக்கொண்டு, சேர்க்கைக்கு முன்பே இணைத்தன்மைக்கு விண்ணப்பிக்க வைத்தார். முதல் பேட்ச் வெளியே போகும்முன் அந்த ஆணையை வாங்கிவிட வேண்டும், அது என் பொறுப்பு.

அப்புறம், ஒவ்வொரு வரைவையும் முகம் சுளிக்காமல் தட்டச்சு செய்த தங்கைக்கும், வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் ஆறு ஒன்றுதான் என்று ராணிப்பேட்டையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வந்து ஆலோசனை சொன்ன விவசாயிகளுக்கும் நன்றி.

பெரியவரே, முதல் வகுப்பு உங்கள் கிணற்றடியில்தான். நான்கு துறை ஆசிரியர்களும் வருகிறோம். மதியச் சாப்பாடும் குடிதண்ணீரும் நாங்களே கொண்டுவந்துவிடுவோம், வீட்டில் சிரமப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
படிப்பின் ஒருங்கிணைப்பாளர்,
வேலூர்