பனிமனிதனுக்கு முன் புகைக்குழாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துமஸுக்கு முந்தைய பனி நாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பனிமனிதனோடு நிறுத்திவிடுகிறார்கள். (அதற்கும் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், கடுங்குளிரில் விழும் பொடிப்பனி உருட்டினால் உதிர்ந்துவிடும்.)

பெரிய ஆபத்து காரில் இருக்கிறது. பின்னாலுள்ள புகைக்குழாயைப் பனி மூடியிருக்கும்போது எஞ்சினை ஓட விட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உள்ளே புகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதகதப்பாக இருக்கட்டும் என்று பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்துவிட்டு, பெற்றோர் வெளியே நின்று கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டுவது சகஜம், ஆனால் அது தவறான வரிசை. முதலில் குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளுங்கள். பிறகுதான் சாவி.

பிள்ளைகளின் உடம்பை ஒட்டிய உடை பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். ஓடி விளையாடி நின்றதும் உடம்பு சில்லிட்டுப்போகும். கம்பளியோ பாலியஸ்டரோ போதும்.

வாசலில் பனியை வழித்த பிறகே, மிச்சத்தை உருக்க உப்பு. மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு அதிகம் பயன்படாது. மணல் தூவலாம், உருக்காவிட்டாலும் வழுக்காது.

வெட்டிய கிறிஸ்துமஸ் மரம் வாங்கினால் அடித்தண்டில் 2 சென்டிமீட்டர் அறுத்து உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். தாமதித்தால் பிசின் அடைத்து நீர் ஏறாது. காய்ந்த மரம் சட்டென்று தீப்பிடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்