பறக்கிற செலவு எவ்வளவு, படிக்கிற செலவு எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்வி இணைப்பில் விமானத் துறைப் படிப்புகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2023-ல் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்திருக்கின்றன, ஆகவே பைலட்டுகளுக்குப் பெரிய தேவை வரப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தேவையைக் காட்டி விமானப் பல்கலைக்கழகங்கள் கேட்கிற தொகை தகுமா தகாதா என்கிற இடம் வந்ததும், ‘அவரவர் வசதிக்கேற்ப முடிவெடுக்கலாம்’ என்று கட்டுரை நழுவிவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டியதே அந்த இடம்தான்.

நான் சங்ககிரியில் சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறவன். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் எடுத்துப் படித்த என் மகள், பைலட் ஆகியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதனால் சில மாதங்களாக எனக்கும் இதே வேலையாகிவிட்டது. டீசலுக்கும் டயருக்கும் கணக்குப் பார்த்தே தலை நரைத்த ஆள் என்பதால், இதையும் கணக்காகத்தான் பார்த்தேன்.

சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் ‘விமானக் கல்வி வழிகாட்டி’ கூட்டம் என்று போயிருந்தோம். வாசலில் பைலட் உடையில் ஒரு பெண்ணை நிறுத்தி, வருகிற பிள்ளைகளுடன் போட்டோ எடுத்தார்கள். தோளில் நான்கு பட்டை. நான்கு பட்டை என்றால் கேப்டனாம், மகள் காதோடு சொன்னாள். உள்ளே கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். வழவழ தாள், பக்கம் முழுக்க விமானப் படம், கட்டணம் மட்டும் ஒரே வரி. அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் ‘மருத்துவப் பரிசோதனை, உரிமத் தேர்வு, விடுதி, டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தனியாக எடுக்கும் பயிற்சி) நீங்கலாக’ என்று இருந்தது. இதில் வகுப்பறைக்கு எவ்வளவு, பறப்பதற்கு எவ்வளவு என்று கேட்டேன். ‘எல்லாம் பேக்கேஜ் சார், பிரிச்செல்லாம் சொல்ல முடியாது’ என்றார் அந்தத் தம்பி. அன்றைக்கே முன்பணம் கட்டினால் சீட் நிச்சயம் என்றும் சொன்னார்.

பிரித்துச் சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு உறுத்தியது. ஏனென்றால் இந்த விஷயத்தில் பட்டம் வேறு, உரிமம் வேறு. நம் நாட்டில் சம்பளத்துக்கு விமானம் ஓட்டக் கொடுக்கிற சி.பி.எல். என்கிற வணிக பைலட் உரிமத்தை எந்தப் பல்கலைக்கழகமும் தருவதில்லை. டி.ஜி.சி.ஏ. என்கிற மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்தான் தருகிறது. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், விமான விதிகள், வழிகாணல், வானிலை, விமானத் தொழில்நுட்பம் ஆகிய தேர்வுகளில் ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும், வானொலித் தொடர்புக்கான உரிமம் வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த இருநூறில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும். இரவில் பறந்த நேரம், கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்த நேரம், ஊர்விட்டு ஊர் போய் இறங்கிய நேரம் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. இந்தப் பட்டியலில் பி.எஸ்சி., பி.பி.ஏ. என்று எதுவுமே கிடையாது.

அப்படியானால் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கிற பணத்தில் பெரும்பங்கு அந்த 200 மணி நேரத்துக்குத்தான் போக வேண்டும். அதை எத்தனை மாதத்தில் முடித்துக் கொடுப்பார்கள் என்பதுதான் முதல் கேள்வி. லாரி ஆபீசில் யாராவது ‘என்கிட்ட இருபது வண்டி இருக்கு’ என்று சொன்னால், நாங்கள் அடுத்துக் கேட்பது, ‘அதுல எத்தனை ரோட்டுல ஓடுது, எத்தனை ஷெட்டுல நிக்குது?’ என்பதைத்தான். விமானம் ஓட்டப் பயிற்சி தருகிற பறக்கும் பள்ளிக்கும் அதே கேள்விதான். எத்தனை பயிற்சி விமானம் பறக்கிற நிலையில் இருக்கிறது, எத்தனை உதிரிபாகத்துக்குக் காத்து நிற்கிறது, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள், போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மணிக்கணக்கை முடித்து வெளியே போனார்கள்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் தராத இடத்தில், கட்டடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நான் ஒரு ரூபாய் கட்டமாட்டேன். மணிக்கணக்கு முடியாமல் இழுத்தால் விடுதி வாடகை ஏறும், கல்விக்கடனுக்கு வட்டி ஏறும், பிள்ளைக்கு வயதும் ஏறும். டி.ஜி.சி.ஏ.வே 2025 முதல் பறக்கும் பள்ளிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் வெளியிடத் தொடங்கியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இன்னொரு பக்கம் அமெரிக்கா ஆசை காட்டுகிறார்கள். ப்ளோரிடாவில் எம்ப்ரி-ரிடில் என்று விமானத்துக்கே ஆன பல்கலைக்கழகம் இருக்கிறது. 1920-களில் தொடங்கிய நிறுவனம், பெயர்பெற்ற இடம், அதில் சந்தேகமில்லை. அங்கே ஒரு வருடத்துக் கல்விக் கட்டணம் மட்டுமே 40,000 டாலருக்கு மேல். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் நான்கு வருடத்துக்கு ஒரு கோடியே 36 லட்சம். பறப்பதற்கான கட்டணம் தனி, சாப்பாடும் தங்கலும் தனி. இவ்வளவையும் அமெரிக்கப் பிள்ளைகள் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். காரணம் இருக்கிறது. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டப்படி அங்கே பயணிகள் விமான நிறுவனத்தில் துணை பைலட்டாக உட்காரவே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற நான்கு வருட விமானப் பட்டம் வைத்திருப்பவருக்கு அது 1,000 மணி நேரமாகக் குறையும். ஐந்நூறு மணி நேரம் மிச்சம் என்றால் வேலையில் அத்தனை சீக்கிரம் சேரலாம், பணிமூப்பில் முன்னால் நிற்கலாம். அங்கேயே பிறந்து அங்கேயே ஓட்டப்போகிற பிள்ளைக்கு அந்தப் பட்டத்துக்கு ஒரு விலை இருக்கத்தான் செய்கிறது.

நம் பிள்ளைக்கு? இங்கே 200 மணி நேரத்தோடு சி.பி.எல். வாங்கி, குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் முடித்தால் துணை பைலட் ஆகலாம். அந்த 1,500 மணி நேரக் கணக்கு இங்கே கேப்டன் நிலைக்கான உரிமத்துக்குத்தான் வருகிறது. மாணவர் விசாவில் போனவர் படிப்பு முடிந்து அங்கே வேலை பார்க்கக் கிடைப்பது பொதுவாக ஒரு வருடம். அந்த நாட்டு விமான நிறுவனங்கள் நிரந்தரமாக வேலை செய்யும் உரிமை உள்ளவர்களைத்தான் தேடுகின்றன. திரும்பி வந்தால் அமெரிக்க உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற, டி.ஜி.சி.ஏ. தேர்வு எழுதியே ஆக வேண்டும். ஆக அமெரிக்கச் சட்டத்துக்காக அங்கே மதிப்புக் கூடிய பட்டத்தை, அந்தச் சட்டம் இல்லாத ஊரில் இருக்கிற நாம் அதே விலைக்கு வாங்குகிறோம். அண்ணன் தம்பி யாராவது அங்கே குடியுரிமையோடு இருந்து, பிள்ளைக்கும் அந்த வழி திறந்திருந்தால் அது வேறு கதை.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் பொதுவாக வங்கி சொத்து கேட்கும். 50 லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, 15 வருடம் என்று போட்டால் மாதத் தவணை 55,000 ரூபாயை ஒட்டி வரும். ஒரு கோடி என்றால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். படிக்கிற காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் நிற்காது. சி.பி.எல். வாங்கிய பிறகு டைப் ரேட்டிங்குக்கு இன்னும் பத்து லட்சத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும், அதன் பிறகும் நிறுவனம் ஆள் எடுக்கிற நேரமாகப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். என் வீட்டுப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்த வங்கி மேலாளரம்மா கேட்ட ஒரே கேள்வி, ‘பொண்ணுக்கு மெடிக்கல் முடிஞ்சுதா?’ என்பதுதான்.

அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் உறவில் ஒரு பையன், எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை, முதல் வருடக் கட்டணம் முழுக்கக் கட்டிய பிறகுதான் மருத்துவப் பரிசோதனைக்குப் போனான். புள்ளிபுள்ளியாக நிறம் அப்பிய வட்டத்துக்குள் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். அவன் கண்ணுக்கு எண்ணே தெரியவில்லை. சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறை, அதுவரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கட்டிய பணம் திரும்பவில்லை. முதலில் டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புப் பரிசோதனை, பிறகு முதல் வகுப்புப் பரிசோதனை. முதல் வகுப்புக்கு நமக்குக் கிட்டத்தில் பெங்களூரில் விமானப் படையின் மருத்துவ நிலையமே இருக்கிறது. இரண்டையும் முடித்துவிட்டுக் கட்டணத்தைப் பற்றிப் பேசினால் போதும். ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும், நிறக்குறை அவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

இந்த மாதிரிக் கூட்டங்களில் கலாம் ஐயா கதை இல்லாமல் இருக்காது. அக்கா சோகரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்த்தார், நீங்களும் தயங்காதீர்கள் என்று மேடையில் உருகினார் ஒருவர். என் வீட்டுக்காரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கதையின் மிச்சத்தையும் சொல்லியிருக்க வேண்டும். கலாமும் பைலட் ஆகத்தான் ஆசைப்பட்டார். டேராடூனில் விமானப் படைத் தேர்வுக்குப் போனார். எட்டு இடம் இருந்தது, அவர் ஒன்பதாவதாக வந்தார். பைலட் ஆக முடியாமல் போன பிறகும் அவரைத் தூக்கி நிறுத்தியது கையில் இருந்த பொறியியல் படிப்பு. அக்காவின் நகை அந்தப் படிப்புக்குத்தான் அடகு போனது.

என் மகளிடமும் இதைத்தான் சொன்னேன். விமான நிறுவனங்களில் கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. நம் சேலத்துக் கமலாபுரம் விமான நிலையத்தையே பாருங்கள். 2018 மார்ச்சில், சிறு ஊர்களுக்கும் விமானம் விடுகிற மத்திய அரசின் உதான் திட்டத்தில் ட்ரூஜெட் நிறுவனத்தின் விமானம் வந்தது, ஊரே போய் வேடிக்கை பார்த்தது, பிறகு அதுவும் நின்று, 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானம் இறங்கியது. தொழில் படுக்கிற காலத்தில் விமானம் ஒன்றுக்கு மட்டுமே ஆகிற பட்டமும் சேர்ந்து படுத்துவிடும். பி.எஸ்சி. இயற்பியலோ மெக்கானிக்கலோ வைத்திருக்கிறவருக்கு வேறு கதவு இருக்கும். அதோடு, விமான நிலைய ஆணையத்தில் விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டு அதிகாரி வேலைக்கே இயற்பியல், கணிதத்தோடு பி.எஸ்சி. அல்லது பொறியியல் பட்டம் போதும். விமானப் படையின் ஏஃப்கேட் தேர்வு எழுதி பறக்கும் பிரிவுக்குப் போனால், காசு வாங்காமல் அரசே பறக்கக் கற்றுத்தரும். கேபின் க்ரூ வேலைக்கு அடிப்படைத் தகுதி பிளஸ் டூ.

விமானப் பராமரிப்பில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பி.இ. ஏரோநாட்டிகல் முடித்தவர், ‘இந்த விமானம் பறக்கலாம்’ என்று கையெழுத்துப் போட முடியாது. அதற்கு டி.ஜி.சி.ஏ. தருகிற ஏ.எம்.இ. என்கிற விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வேண்டும். அதற்குச் சொல்லித்தருகிற பள்ளிகளுக்கு அங்கீகாரம் தனி, படிப்பு தனி. விவரம் தெரியாமல் ஒன்றில் சேர்ந்துவிட்டு இன்னொன்றுக்கு ஏங்குகிற பிள்ளைகள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

விமானப் பல்கலைக்கழகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விமான நிலைய நிர்வாகம், சரக்குப் போக்குவரத்து படிக்க விரும்புகிறவர்களுக்கு உத்தரப்பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் 2013-ம் வருடச் சட்டப்படி அமைந்த ராஜீவ் காந்தி தேசிய விமானப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மத்திய அரசுடையது. பறப்பதற்கு அதே ஊரில் மத்திய அரசின் பறக்கும் பள்ளியான இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. அங்கேயும் சுமார் 45 லட்சம் ஆகிறது, ஆனால் அது எதற்கு என்று தெரிந்து கட்டுகிறோம். நுழைவுத்தேர்வும் உண்டு. பணம் மட்டும் இருந்தால் உள்ளே போய்விட முடியாது என்பதே எனக்கு ஒரு தெம்பு.

எங்கள் வீட்டு முடிவு: மருத்துவப் பரிசோதனைகள் முடிந்துவிட்டன. மகள் பொறியியல் கலந்தாய்வில் மெக்கானிக்கல் எடுக்கிறாள். படித்துக்கொண்டே டி.ஜி.சி.ஏ. தேர்வுத் தாள்களை ஒவ்வொன்றாக எழுதுவாள். அதற்குள் நான் ஒரு வண்டியின் தவணையை முடித்துவிடுவேன். பறக்கும் பயிற்சிக்கு அப்போது இடம் பார்ப்போம். 2022-ல் பறக்கும் பள்ளிக்காக விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த ஊர்களில் சேலமும் உண்டு. கமலாபுரத்திலேயே முடிக்க முடிந்தால் விடுதிச் செலவாவது மிஞ்சும். மகளுக்கு இதில் பாதி சம்மதம்தான். நான்கு வருடம் தள்ளிப்போகிறது என்று இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். விமானக் கல்லூரி விளம்பரம் வாங்கும்போது, வகுப்புக் கட்டணம், பறக்கும் மணிக்கான கட்டணம், பாதியில் நின்றால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வழிகாட்டுகிற அரசின் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளிலும் விமானத் துறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, உரிமம் வாங்கி வேலையில் இருப்பவர்களைப் பேசவைக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். கமிஷனுக்குப் பேசுகிறவர்களை அழைக்க வேண்டாம். ஓமலூரிலும் தாரமங்கலத்திலும் வீட்டுப் பத்திரத்தோடு வங்கியில் உட்கார்ந்திருக்கிற அப்பா அம்மாக்களை நானே பார்த்தேன். சேர்க்கை முடிவதற்குள் இதை வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர் ஒருவர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.

(பெயரை வெளியிட வேண்டாம். முன்பணம் கட்டிய சொந்தக்காரர்கள் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.)