உங்கப்பாவின் பீட்டா டெக்கும் என் எச்.டி. டிவிடியும்

எடிசன், நியூஜெர்சி
24-2-2008

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காமல் விடச் சொல். அவர்கள் மறப்பார்கள், உனக்கே தெரியும்.

புது எல்சிடி டிவி வந்துவிட்டது, அதில் துல்லியமான படம் பார்க்க, டிவிடிக்கு அடுத்து வந்த இரண்டு தட்டு வகைகளில் சோனி பக்கத்து ப்ளூ-ரே வாங்குவதா, தோஷிபா பக்கத்து எச்.டி. டிவிடி வாங்குவதா என்று கேட்டிருந்தாய். நான் பேனாவை எடுப்பதற்குள் டோக்கியோவில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். 19ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, எச்.டி. டிவிடியை இத்தோடு நிறுத்துகிறோம் என்று தோஷிபா அறிவித்துவிட்டது. அந்தப் பெட்டி என் ஹாலில் டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. வாங்கி ஐந்து மாதம்.

சிரிக்காதே. உங்கப்பா அந்தக் காலத்தில் பீட்டா டெக், அதுதான் சோனியின் வீடியோ கேசட் பெட்டி, வாங்கி வந்தது ஞாபகம் இருக்கிறதா? அதற்குக் கேசட் தேடி நாம் இரண்டு பேரும் சைக்கிளில் கும்பகோணம் முழுக்கச் சுற்றினோம். போன கடையில் எல்லாம் போட்டி வகைதான்: “பீட்டாவா? வி.எச்.எஸ். தான் இருக்கு தம்பி.” கடைசியில் இருந்த மூன்று கேசட்டையே மாறிமாறிப் பார்த்தோம். அன்று தோற்றது சோனி. இன்று ஜெயித்திருப்பதும் சோனிதான். நான் மட்டும் அன்றும் இன்றும் தோற்ற பக்கத்திலேயே நிற்கிறேன்.

படம் எதில் நன்றாக இருக்கும் என்று கேட்டாய். என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் தட்டைப் படிப்பது ஒரே 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர். படத்தைச் சுருக்கும் முறைகளும் ஒன்றேதான். தட்டில்தான் வேறுபாடு. புள்ளிக்கோலம் போடுவதுபோல் நினைத்துக்கொள். டிவிடியில் வரிக்கு வரி 0.74 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) இடைவெளி, எச்.டி. டிவிடியில் 0.40, ப்ளூ-ரேயில் 0.32. அதனால் ஒரு அடுக்கில் எச்.டி. டிவிடி 15 ஜிபி பிடித்தால் ப்ளூ-ரே 25 பிடிக்கும். சாதா டிவிடிக்கு 4.7 தான்.

அவ்வளவு நெருக்கிப் போட, தகவல் இருக்கும் படலத்தைத் தட்டின் மேற்பரப்புக்கு மிக அருகில் கொண்டுவர வேண்டியிருந்தது. மேலே இருக்கும் மூடி 0.1 மில்லிமீட்டர், ஒரு காகிதக் கனம். நகம் பட்டாலே போச்சு என்று பயந்து ஆரம்பத்தில் தட்டை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்தே வைத்திருந்தார்கள். பிறகு டிடிகே கம்பெனி கெட்டியான ஒரு பூச்சு கண்டுபிடித்ததும் கூடு போனது. தோஷிபா இந்த வம்புக்கே போகவில்லை. பழைய டிவிடி மாதிரியே 0.6 மில்லிமீட்டரில் வைத்தார்கள். டிவிடி அடிக்கிற பட்டறையில் சின்ன மாற்றம் செய்தால் போதும், இதையும் அடிக்கலாம்.

அந்தச் சிக்கனம்தான் என்னை மயக்கியது. 2006-இல் முதல் எச்.டி. டிவிடி பெட்டி இங்கே 500 டாலர், ப்ளூ-ரே 1,000. நான் செப்டம்பரில் இருநூறு சொச்சம் கொடுத்து வாங்கினேன். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் வால்மார்ட்டில் அதே பெட்டி 98 டாலர் 87 சென்ட்! மல்லிகா அந்த விளம்பரத்தை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். இன்னும் எடுக்க விடவில்லை.

விலை குறைந்தால் ஜெயித்துவிடும் என்று நினைத்தேன். பிளேஸ்டேஷன் 3 என்று ஒன்று இருப்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. விளையாட்டுப் பெட்டி, ஆனால் உள்ளேயே ப்ளூ-ரே. பையனுக்கு விளையாட வாங்குகிறவன் வீட்டுக்குள் ப்ளூ-ரேயும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுகிறது. போன வருஷக் கடைசிக்குள் உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் போய்விட்டதாம். மைக்ரோசாஃப்ட்டும் தன் விளையாட்டுப் பெட்டியான எக்ஸ்பாக்ஸுக்கு எச்.டி. டிவிடி டிரைவ் போட்டது. ஆனால் அது தனி, 200 டாலர். யார் வாங்குவான்?

பாரமவுண்ட் படக் கம்பெனி ஆகஸ்டில் எச்.டி. டிவிடி பக்கம் தாவியபோது நமக்கு நல்ல காலம் என்று குதித்தேன். அதற்காகப் பணம் கைமாறியது என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு இந்த ஜனவரி 4, இரண்டு வகையிலும் படம் போட்டுக்கொண்டிருந்த வார்னர் படக் கம்பெனி, இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்றது. லாஸ் வேகாஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சிக்கு மூன்றே நாள் இருந்தது. எச்.டி. டிவிடிக்காரர்கள் அங்கே ஏற்பாடு செய்திருந்த பத்திரிகையாளர் கூட்டத்தையே ரத்து செய்தார்கள். அப்புறம் தட்டை வாடகைக்கு விடும் நெட்ஃபிளிக்ஸ், கடைக்காரர்களான பெஸ்ட் பை, வால்மார்ட் என்று இந்த மாதம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

ஆக, நீ ப்ளூ-ரேயே வாங்கு. அவசரம் வேண்டாம், விலை இறங்கட்டும். ஆனால் ஒன்று: அதில் உலகத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா ஏ, இந்தியா சி. ஏ என்று பூட்டிய தட்டை நான் இங்கிருந்து அனுப்பினால் உன் பெட்டி திறக்காது. எல்லாத் தட்டிலும் பூட்டு கிடையாது, அட்டையின் பின்பக்கம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எச்.டி. டிவிடியில் இந்தத் தொல்லையே கிடையாது, எந்த ஊர்த் தட்டும் எந்த ஊரிலும் ஓடும். செத்த பிறகு பெருமை பேசி என்ன பயன், சொல்.

நேற்று கடைக்குப் போனேன். எச்.டி. டிவிடிகளை ஒரு கூடையில் கொட்டி வைத்திருந்தார்கள். பதினோரு படம் அள்ளி வந்தேன். மல்லிகா ஒன்றும் சொல்லவில்லை, ஃபிரிட்ஜைப் பார்த்தாள். ஜூலையில் ஊருக்கு வரும்போது பெட்டியையும் படங்களையும் தூக்கி வந்துவிடுகிறேன். உன் புது டிவியில் போட்டுப் பார்ப்போம். இது 110 வோல்ட் பெட்டி. உன் கடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் பழைய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஏதாவது கிடந்தால் எடுத்து வை.

உன்
கண்ணன்