பாப்பாவைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வா

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்து கோவில்வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பாப்பா ஓவியக் கல்லூரிக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள், வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரம் போய் அங்குள்ள மியூசியத்தைப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்றுதான் இத்தனை நாள் பதில் போடவில்லை. நாகர்கோவிலுக்குக் குடிவந்த பிறகு எனக்குக் கிடைத்த பெரிய சௌகரியம் அந்த ஊர் பக்கத்தில் இருப்பதுதான். காலை ரயிலைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் தோட்டத்துக்குள் நிற்கலாம்.

தோட்டம் என்று சும்மா சொல்லவில்லை. மியூசியம், ஓவியக் கூடங்கள், மிருகக்காட்சி சாலை எல்லாமே ஒரே வளாகம், 50 ஏக்கருக்கும் மேல். பழைய மரங்கள், புல்வெளி, நடுவில் அந்தக் காலத்தில் பேண்டு வாசித்த மேடை. காலையிலும் மாலையிலும் ஊரே அங்கேதான் நடக்கிறது. வாக்கிங் வந்த பெரியவர்கள், பிள்ளைகளைப் புல்லில் ஓடவிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள், பரீட்சைக்குப் படிக்கும் பையன்கள். இதில் பாதிப்பேர் படம் பார்க்க வந்தவர்கள் இல்லை, ஆனால் நடந்துகொண்டே இருக்கும்போது ஒருநாள் உள்ளே என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள் இல்லையா, எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. கலைக்கூடம் என்றால் செருப்புச் சத்தம் கேட்டாலே கூசிப்போகிற இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் விதித்தது?

நேப்பியர் மியூசியக் கட்டடத்தைப் பற்றி உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும், நீ கட்டட வேலைக்காரன். மியூசியம் 1857-லேயே பொதுமக்களுக்குத் திறந்தது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, இப்போது நிற்பதை 1880-இல் கட்டி முடித்தார்கள். வரைபடம் போட்டவர் ராபர்ட் சிஷோம், சென்னையில் கடற்கரை ஓரமாக செனட் ஹவுஸும் மாநிலக் கல்லூரியும் கட்டினாரே அதே ஆள்தான். சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரை வைத்திருக்கிறார்கள். செனட் ஹவுஸ் மாதிரியே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவாய். கூரை முழுக்கக் கேரள பாணி, சரிந்து இறங்கி முகப்பில் மர வேலைப்பாடு, பார்த்ததும் நம் பத்மநாபபுரம் அரண்மனைதான் நினைவுக்கு வருகிறது. சுவரை இரட்டைச் சுவராக எழுப்பிக் காற்றோட்டத்துக்கு வழிவிட்டிருப்பதால் ஏசி இல்லாமலே உள்ளே குளுமை. உட்பக்கம் பட்டை பட்டையாக வண்ணம் பூசியிருக்கிறார்கள். செப்புத் திருமேனிகள், தந்த வேலைப்பாடுகள், மரத்தில் செதுக்கிய ஒரு கோவில் தேர், எல்லாம் நிதானமாகப் பார்க்க வேண்டியவை. ஆனால் நான் போனது ஓவியர் ரவி வர்மாவுக்காக.

கோவில்பட்டியில் பிறந்த நமக்கு காலண்டர் சாமி படங்களைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொண்டைய ராஜு நம்மூரில் உட்கார்ந்து வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் சிவகாசியில் அச்சாகி எந்தெந்த வீட்டுக்கெல்லாம் போனார்கள்! அதற்கு முன்னாலேயே, 1894-இல், ரவி வர்மா பம்பாயில் அச்சகம் போட்டு அந்தப் பாதையைத் திறந்துவிட்டார். அதனால் அவர் படம் என்றாலே நமக்கு அச்சுப்படம்தான். மூலப் படம் வேறு, மாப்ள. அன்னத்தோடு நிற்கும் தமயந்தியை (1899) எத்தனை பிரதிகளில் பார்த்திருப்போம். அங்கே அந்தச் சிவப்புப் புடவை பக்கத்தில் போனால் ஒரே சிவப்பு இல்லை, மடிப்புக்கு மடிப்பு வேறு வேறு சிவப்பு, சரிகை இருக்கும் இடத்தில் தூரிகை தொட்டுத் தொட்டு எடுத்த தடம் தெரிகிறது. முள் எடுப்பதுபோல் காலைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்கும் சகுந்தலையும் இருக்கிறாள். இந்தப் படங்களுக்கென்றே 2023 செப்டம்பரில் தனிக் கூடம் திறந்திருக்கிறார்கள்.

14 வயதில் கிளிமானூரிலிருந்து மாமாவோடு திருவனந்தபுரம் வந்த பையன் ரவி வர்மாவுக்கு எண்ணெய் வண்ணத்தைச் சொல்லிக்கொடுக்க அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடுவுக்கு மனம் வரவில்லை. பிறகு 1868-இல் ஐரோப்பாவிலிருந்து வந்த தியோடர் ஜென்சன் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. பார்த்தே கற்றுக்கொண்டார். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் முல்லைப்பூச் சூடும் நாயர் பெண் படத்துக்குப் பரிசு வாங்கிவிட்டார்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது ரவி வர்மா வரைந்த படம் இல்லை, ரவி வர்மாவையே வரைந்த படம். வரைந்தது அவர் தங்கை மங்களா பாய். முகத்தைப் பார், தாடியைப் பார், அண்ணனை உட்காரவைத்து அவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார். தம்பி ராஜராஜ வர்மா அண்ணனோடு ஊர் ஊராகப் போய்க் கூடவே நின்று வரைந்தார், நாட்குறிப்பு எழுதினார், அவரைப் பற்றியும் பேசுகிறார்கள். அதே வீட்டில் பிறந்து அதே கைத்திறன் இருந்த தங்கையின் பெயரை எத்தனை பேரிடம் கேட்டால் ஒருவர் சொல்வார்? எனக்கு மனசு ஆறவில்லை. உன் கேள்விக்கு என் பதில் அங்கேதான் கிடைத்தது. பாப்பா போகட்டும். எழும்பூரோ கும்பகோணமோ, எந்த ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் சேர்த்துவிடு. கொண்டைய ராஜுவும் எழும்பூரில் படித்தவர்தான், அதைச் சொல்லி உன் மச்சான் வாயை அடை. வேலை கிடைக்குமா என்ற பயம் நியாயமானதுதான், எனக்கும் அது உண்டு, ஆனால் பிடிக்காத படிப்பில் நான்கு வருடம் தள்ளிவிட்டாலும் அந்தப் பயம் போகப்போவதில்லை.

அதே வளாகத்தில் இருக்கும் ஸ்ரீசித்ரா ஓவியக் கூடத்தையும் விட்டுவிடாதே. 1935-இல் திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் திறந்தபோது அவருக்கு 22 வயது. ஜேம்ஸ் கசின்ஸ் என்ற அயர்லாந்துக் கவிஞர் கூடவே இருந்து படங்களைத் தேர்ந்து கொடுத்தார். ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் வரைந்த இமயமலைப் படங்கள், தஞ்சாவூர் படங்கள், சீனா, ஜப்பான் படங்கள் என்று பாப்பா வேண்டிய அளவுக்குப் பார்க்கலாம்.

பள்ளி திறப்பதற்குள் இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். திங்கள்கிழமை விடுமுறை, புதன்கிழமை மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள், அந்த நாட்களைத் தவிர்த்துவிடு. முந்தின நாள் இரவு எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம், உன் தங்கச்சி ஏற்கெனவே மீன்குழம்புக்கு என்னிடம் உத்தரவாதம் கொடுத்துவிட்டாள். பாப்பாவை அவளுடைய வரைபட நோட்டையும் எடுத்து வரச் சொல். ரயில் டிக்கெட் போட்டதும் ஒரு போன் அடி.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்