பெரியம்மாவுக்கு ஒரு கீழ்வீடு

கொலம்பஸ், ஓஹையோ

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நலமா?

பெரியம்மாவை ஓசூர் பக்கம் ஏதாவது முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாமா என்று போனில் கேட்டாய். "அமெரிக்காவில் எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்" என்றாய். சின்னவன் அழுததில் சரியாகப் பேச முடியவில்லை. நான் வேலை பார்ப்பதே வயதானவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில்தான். அதனால் பார்த்ததை எழுதுகிறேன்.

இது இல்லம் இல்லை அண்ணா. வார்டன் கிடையாது, மணி அடித்துச் சோறு போடுவதும் கிடையாது. ஆளுக்கொரு வீடு. ஒரு படுக்கையறை, சின்ன சமையலறை, குளியலறை, சாவி அவர்கள் கையில். 1959இல் வந்த வீட்டுவசதிச் சட்டத்தில் 202 என்று ஒரு பிரிவு உண்டு. அதன்படி அரசாங்கம் பணம் கொடுக்கிறது, லாபம் பார்க்காத அமைப்புகள் கட்டி நடத்துகின்றன. 62 வயது ஆகியிருக்க வேண்டும். வருமானம் அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் (குடும்பங்களை வருமானப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) பாதிக்கு மேல் போகக் கூடாது.

வாடகையைக் கேட்டால் ஆச்சரியப்படுவாய். வருமானத்தில் 30 சதவீதம், அவ்வளவுதான். மருந்துச் செலவு அதிகமிருந்தால் அதில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டுத்தான் கணக்கே போடுவார்கள். கழித்தது போக மாதம் 1,000 டாலர் என்றால் வாடகை 300. மிச்சத்தை அரசாங்கம் கட்டடத்துக்குக் கொடுத்துவிடும். இதற்காக வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு பாட்டி பென்ஷன் கடிதம், பேங்க் காகிதம், மருந்துக்கடை ரசீது எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துவருவார். நான் ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்குவேன், அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வாடகை ஏறிவிடுமோ என்ற பயம்.

எல்லாருக்கும் இது கிடைத்துவிடுவதில்லை. பெயர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். முறை வந்து நாங்கள் கூப்பிடும்போது, "அவர் இறந்துவிட்டார்" என்று மகளோ மகனோ சொல்வதும் உண்டு. அந்த போனை வைத்தபிறகு எனக்கு வேலையே ஓடாது. கட்டுபவர்களுக்கு வரியைக் குறைத்து, குறைந்த வாடகை வீடுகள் கட்டவைக்கும் திட்டம் ஒன்று 1986இல் வந்தது, அதில் கட்டிய வீடுகளும் இருக்கின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் வாடகையை ஊரின் வருமானத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள், குடியிருப்பவரின் வருமானத்தை வைத்து அல்ல. சின்ன பென்ஷனை மட்டும் நம்பியிருப்பவருக்கு அதுவும் எட்டாது.

வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் நீ கவனிக்க வேண்டும். கழிப்பறைச் சுவரில் பிடித்து எழ இரும்புக் கம்பி, வாசல்களில் தடுக்கும் நிலைப்படி இல்லை. கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும், இழுத்தால் உதவிக்கு ஆள் வரும். துடைக்கும்போது இடைஞ்சல் என்று சிலர் அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுவார்கள். நான் போகும்போதெல்லாம் அவிழ்த்துவிடுவேன். கீழே விழுந்து கிடப்பவர் கைக்கு எட்ட வேண்டும், அதற்காகத்தான் தரைவரை தொங்கவிட்டிருக்கிறார்கள்.

இப்போது பெரியம்மாவுக்கு வருகிறேன். காவேரிப்பட்டணத்தில் அந்த மாடி அறைக்கு ஏறும் படி செங்குத்து, கைப்பிடியும் இல்லை. கழிப்பறைக்குக் கீழே இறங்க வேண்டும். அவருக்குப் பிரச்சினை அந்தப் படிதான். ரேஷன் கடை அவருக்குத் தெரியும், தெருவே அவருக்குப் பழக்கம், களி கிளறவும் நிப்பட்டு தட்டவும் இன்னும் தெம்பு இருக்கிறது. இப்படிப்பட்டவரைக் கொண்டுபோய் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் ஒரு கட்டிலில் உட்காரவைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. நம் இருவரையும் தூக்கி வளர்த்தவர் அண்ணா.

அவருடைய முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். 2023இல்தான் 1,000 ரூபாயிலிருந்து ஏற்றினார்கள். இந்த ஊர்க் கணக்குப்படி அதில் 30 சதவீதம் 360 ரூபாய். அந்தக் காசுக்கு நம் ஊரில் யார் வீடு கொடுப்பார்கள்? இங்கே மிச்சத்தை அரசாங்கம் போடுகிறது, அங்கே நாம்தான் போட வேண்டும். அவர் 360 மட்டும் கொடுக்கட்டும். வாடகையே வேண்டாம், சும்மா இருங்கள் என்றால் கேட்க மாட்டார், தன் கையால் வாடகை கொடுத்தால்தான் நிமிர்ந்து இருப்பார். மீதி வாடகையும் அட்வான்ஸும் நான் அனுப்புகிறேன்.

அதே தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ கீழ்வீடாகப் பார். கழிப்பறை உள்ளேயே இருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டு, ஒரு கொத்தனாரை வைத்துச் சுவரில் கம்பி பதித்துவிடு. பெரியம்மாவை உட்காரவைத்து, அவர் கை எங்கே போகிறது என்று பார்த்து அந்த உயரத்துக்குப் பதிக்கச் சொல். குளிக்கும் இடத்தில் வழுக்கும் டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பான கல் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவரிடமே ஒரு வார்த்தை கேள். வீடு அமைந்ததும் போட்டோ அனுப்பு, அன்றைக்கே பணம் போட்டுவிடுகிறேன்.

உன் தங்கை